நல்லரத்தினத்தின் வலது தோள்

நல்லரத்தினம் இலங்கை அணிக்காக றக்பி ஆடியது மொத்தம் மூன்று முறை. மூன்றும் மதராசில், 1929இல். எட்டுப் பேர் குனிந்து எதிரணி எட்டுப் பேரோடு தோள் முட்டித் தள்ளும்போது முன்வரிசையில் நிற்பவர் அவர். மூன்றாம் ஆட்டத்தில் வலது தோள் மூட்டுக் கழன்றது. அதன்பின் ஆடவில்லை. இரண்டு வருடத்தில் கொழும்பில் அவர் வேலை பார்த்த கந்தோரில் ஆட்குறைப்பு வந்தது. குருக்கள்மடத்தில் மனைவி தங்கப்பிள்ளையின் வீட்டுக்கு வந்து, வாவியில் ஆட்களை ஏற்றிக் கம்பூன்றித் தோணி விட்டார்.

தோள் இடைக்கிடை கழன்றது. ஒருமுறை நடு வாவியில் கழன்றபோது மனைவியின் தம்பி சாமித்தம்பி கூட இருந்தான். அக்குளில் காலை வைத்துக் கையை இழுத்து, மூட்டை ஏற்றிவிட்டான். இன்னொருமுறை மோசமாகக் கழன்றால் கை உதவாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் வெள்ளைக்காரனைத் தள்ளி விழுத்தியவர்.

முப்பத்து நான்கில் மழை பொய்த்தது. அம்மனுக்குக் கொம்புமுறி வைத்தார்கள். கவையான இரண்டு கொம்புகளை மாட்டி, இரு புறமும் வடம் கட்டி, வடசேரி தென்சேரி என்று ஊர் இரண்டாகி இழுக்கும். கொம்பு முறிந்த சேரி, வென்றவர்களின் வசைப்பாட்டு முடியும்வரை நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தகப்பனின் சேரியே பிள்ளைக்கும். நல்லரத்தினத்தின் தகப்பனும் அந்த ஊர்தான்; அவர் தென்சேரி. சாமித்தம்பி வடசேரி.

தென்சேரித் தலைவர் அருமைநாயகம் வீடு தேடி வந்தார்.

“முன்வடம் உனக்குத்தான் தம்பி.”

“என்னப் பின்னுக்கு விடுங்க அண்ணன். அது தள்ளுற விளையாட்டு, இது இழுக்கிறது.”

“வெள்ளையன அசைச்சவனுக்கு வடசேரியான் எம்மாத்திரம்!”

அவர் போனதும் தங்கப்பிள்ளை கேட்டாள்: “கை ஏலாதெண்டு சொன்னா வாய் தேஞ்சிருமா?”

“சொன்னா மறுகா ஆர் புள்ள என்ட தோணியில ஏறுவாங்க?”

“தோணிக்கு நீங்க பயப்பிடல்ல. பேருக்குப் பயப்பிடுறீங்க.”

களத்தில் சாமித்தம்பி பக்கத்தில் வந்து குனிந்தான். “நான் சொல்லட்டா மச்சான்?”

“வாயப் பொத்து.”

நாலாவது இழுப்பில் தோள் கழன்றது. அவர் வடத்தை விடவில்லை. வடசேரிக் கொம்பு முறிந்தது. தென்சேரியார் அவரை அந்தக் கையிலேயே பிடித்துத் தூக்கினார்கள். அவர் அலறியது ஆரவாரத்தோடு போயிற்று. எதிரே சாமித்தம்பி வசைப்பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றான், அசைய முடியாது. பொழுது சாயும்வரை பாடினார்கள். அதன்பிறகு ஏற்றிய மூட்டு நிற்கவில்லை. விரல்கள் மரத்துக் கிடந்தன.

பத்தாம் நாள் தோணியில் கம்பூன்றியவன் சாமித்தம்பி. நல்லரத்தினம் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தார். தோணி நிறையத் தென்சேரியார்.

“தோத்தவன் வெண்டவனுக்குக் கூலி வேல செய்யிறான், பாருங்கடா!”

“நல்லா ஊண்டுடா வடசேரி!”

சாமித்தம்பி கம்பை எடுத்து மறுபடி ஊன்றினான்.

“என்ட கை போயிட்டு,” என்றார் நல்லரத்தினம். “அதான் அவன் ஊண்டுறான்.”

அருமைநாயகம் தொடையில் தட்டினார். “மச்சானுக்கு நோகாமக் கதைக்கிறான் தம்பி!” தோணியே சிரித்தது.

நல்லரத்தினம் இடது கையால் சால்வையை இழுத்தார். வலது கை மடியில் விழுந்து அப்படியே கிடந்தது. சிரிப்பு நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

கரை நெருங்கியபோது அருமைநாயகம் பக்கத்திலிருந்தவரிடம் தணிந்த குரலில் கேட்டார்:

“அப்ப, மறுகா கொம்பு வெச்சா முன்வடத்துக்கு ஆர்?”