அடி தெரியாத நீச்சல் தடாகம்

வெள்ளவத்தையில் மகள் வீட்டு நீச்சல் தடாகம் கலங்கியிருந்தது.

"நாளைக்கு ஆள் வந்து பார்க்கும், விடுங்கோ அப்பா" என்றாள் மகள்.

"ஊரில எத்தனை கிணறு தெளிய வைச்சனான்" என்று படிகாரத்தைக் கரைத்து ஊற்றினேன். தண்ணீரைச் சுற்றவிடும் பம்பை நிறுத்தாததால் கலங்கல் அடியில் படியவில்லை. தண்ணீர் பாலாக வெளுத்தது. தடாகத்தைச் சுற்றியிருந்த வேலியின் கதவைப் பூட்டாமலே உள்ளே போய்விட்டேன்.

சற்று நேரத்தில் ஆறு வயதுப் பேத்தியைக் காணவில்லை. அவளுடைய பந்து தடாகத்தில் மிதந்தது. மகள் உடனே குதித்தாள். அடியில் எதுவுமே தெரியாததால் கைகளால் துழாவினாள். நீந்தத் தெரியாத நான் கரையில் நின்று பேத்தியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"அம்மா, ஏன் உடுப்போட குளிக்கிறீங்கள்?" பக்கத்து வீட்டிலிருந்து வந்த பேத்தி கேட்டாள்.

மகள் ஈர உடுப்போடு ஏறி வந்து வேலிக் கதவைப் பூட்டினாள். இப்போதெல்லாம் அடியிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிந்தால்தான் பூட்டைத் திறக்கிறேன்.