நூலால் அளந்த பம்பாய்

எனக்குப் பத்து வயதில் நான் போட்ட ஒரு கணக்குதான் எங்கள் சித்தப்பாவைப் பம்பாய்க்கு அனுப்பியது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம். எங்கள் ஊரான வடக்கனந்தலிலிருந்து வெளியே போகும் சாலைகளில் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. ஒரு வாரம் பஸ் இல்லை. சித்தப்பாவுக்கு மஸ்கட்டில் வெல்டர் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பம்பாய் ஏஜென்ட் முன்னால் நிற்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். வியாழக்கிழமை விடிந்தால்தான் முதல் பஸ் என்று புதன்கிழமை மாலை தெரிந்தது. ரயிலில் போய்ச் சேர முடியாது. மிச்சமிருந்தது, வியாழன் சாயங்காலம் சென்னையில் கிளம்பும் விமானம். டிக்கெட்டுக்கென்று சித்தி சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டாள்.

முடிவு பெரியப்பா கையில். அவர் கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டுபவர். தூரம் பற்றி எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ரயிலே ஒரு நாளுக்கு மேல போவுது. இது இன்னா, ராத்திரிக்குள்ள போயிடுமா? விடிஞ்சும் ஆகாசத்துலயே சுத்திக்கினு இருப்பான். சங்கிலியும் போவும், வேலையும் போவும்."

நான் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து வந்தேன். தையல் நூலின் ஒரு முனையைச் சென்னையில் அழுத்தி, பம்பாய் வரை இழுத்து, ஸ்கேலில் வைத்தேன். பத்து சென்டிமீட்டர், மூன்று மில்லிமீட்டர். ஆயிரத்து முப்பது கிலோமீட்டர். விமானம் மணிக்கு எண்ணூறு போகும் என்று பொது அறிவுப் புத்தகம் சொன்னது. ஒன்றேகால் மணி, அதற்கு மேல் இரண்டு நிமிடம்.

பெரியப்பா சிரித்தார். "நூல்ல அளந்தா வெள்ளிமலை கூட அரை மணிதான் பாப்பா. ஜீப்புல ஏறிப் பாரு. வளைவு நூலுக்குத் தெரியுமா?"

"ஆகாசத்துல வளைவு கெடயாது பெரிப்பா."

"ஏத்தம்? எறக்கம்?"

நியாயமான கேள்வி. நோட்டில் இன்னொரு வரி சேர்த்தேன்: ஏறக் கால் மணி, இறங்கக் கால் மணி. "ரெண்டு மணிக்குள்ள பெரிப்பா. ராத்திரி சோறு பம்பாய்லதான்."

அவர் நோட்டை வாங்கி, கூட்டலை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பி, "கெளம்புடா" என்றார்.

சனிக்கிழமை தந்தி வந்தது. சேர்ந்தாயிற்று, வேலை உறுதி, விமானத்தில் ஒரு மணி ஐம்பது நிமிடம்.

பெரியப்பா என்னை ஜீப்பின் முன்சீட்டில் உட்காரவைத்து டீக்கடை டீக்கடையாக நிறுத்தினார். "எங்க வூட்டுப் பாப்பா நூல வச்சே பம்பாய அளந்துட்சி. ஏத்தம் எறக்கம் மட்டும் நான் சொன்னது." மூன்றாவது கடையில் கணக்கே அவர் போட்டதாகிவிட்டது. எனக்கு அதுகூட வருத்தமில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் டெல்லி, கல்கத்தா, லண்டன் என்று நிமிடக் கணக்கில் பதில் சொன்னேன்.

எல்லோரும் கேட்டு முடித்த பிறகு சித்தி வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

"பாப்பா, மஸ்கட்லேர்ந்து இங்க வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

ஆசியப் படத்தை விரித்து அளந்தேன். "மூணு மணி நாப்பது நிமிஷம் சித்தி. அவ்ளோதான்."

அவள் நகராமல் நின்றாள். நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நூலை எதிர்முனையிலிருந்து வைத்து மறுபடி அளந்து காட்டினேன். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அவள் கேட்டது வருடக் கணக்கு என்பது தெரியாமல், நிமிடம்வரை சரியாகச் சொல்லிவிட்ட பெருமையோடு அட்லஸை மூடினேன்.