பாண்டா வீட்டுக் கதவில் வேப்பெண்ணெய்

பாண்டா மூங்கிலைக் கண்டவுடன் தின்னாது. ஒரு தடியை எடுத்து மூக்கருகே பிடித்து ஆறுதலாக முகர்ந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் முதுகுக்குப் பின்னால் எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கும். விமானத்தில் வந்த மூங்கில், குளிர் அறையில் பத்திரமாக வைத்த மூங்கில் என்ற மரியாதையெல்லாம் அதனிடம் கிடையாது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு என் மச்சாள், "சந்தையிலை கத்தரிக்காய் பொறுக்கிற மாதிரியெல்லே பொறுக்கிறா. இவ எங்கடை ஆள்தான்" என்று சொன்னது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

மச்சாள் என் கணவரின் அக்கா. ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பகுதியில் ஒரே கட்டடத்தில் இருந்து, ஒரே பஸ்ஸில் ஏறி, இருவரும் மிருகக்காட்சிச்சாலைக்குத் துப்புரவு வேலைக்குப் போனோம். சீனாவிலிருந்து இரவலாக இரண்டு பாண்டாக்கள் வந்தபோது, அவற்றின் வீட்டுப் பின்பக்க நடையைக் கழுவும் வேலையை எங்கள் இருவரிடமும் தந்தார்கள். எனக்கு எழுத்து வாசனை குறைவு. ஆனால் நான் கழுவிய தரையில் ஒருவரும் குறை கண்டதில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

பாண்டாவைப் பராமரித்த கீப்பர் ஒரு வெள்ளைக்காரப் பெண். நாங்கள் கேட்டால் சின்னச் சின்ன இங்கிலீசாலும் கையாலும் முகத்தாலும் விளங்கப்படுத்துவார். மூங்கில் பூத்தால் ஒரு மலையில் உள்ள மூங்கில் முழுதும் சேர்ந்து பட்டுப்போகுமாம். முந்திய காலத்தில் பாண்டா அடுத்த மலைக்கு நடந்து போய்விடும். இப்போது நடுவில் காட்டை வெட்டி, தெருவும் ஊரும் வந்துவிட்டன. போக வழியில்லை. பெண் பாண்டா கருத்தரிக்கக்கூடியது வருடத்தில் இரண்டு மூன்று நாட்கள்தானாம். அதனால் ஒரு குட்டி பிறந்தாலும் உலகமே எட்டிப் பார்க்கும். இதையெல்லாம் கேட்ட மச்சாளுக்கு, யுத்தகாலத்தில் பாதை பூட்டிக் கிடந்த எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. "பாதை பூட்டின சனம் எண்டு சொல்லும். எங்களுக்கு விளங்காட்டி ஆருக்கு விளங்கப் போகுது?"

பிறகு ஒரு கோடையில் பெண் பாண்டா கர்ப்பம் போல இருக்கிறது என்றார்கள். அது மெய்க் கர்ப்பமா பொய்க் கர்ப்பமா என்று ஸ்கான் செய்து பார்த்தால்தான் தெரியும். அதற்காகக் கம்பிக் கதவடியில் வந்து மல்லாந்து படுக்க அதைத் தேன் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். இரட்டை என்றால் தாய் ஒன்றைத்தான் தூக்கும், மற்றதைக் கைவிட்டுவிடும். ஆகவே முன்கூட்டியே அறிந்து குட்டியை வைக்கச் சூட்டுப் பெட்டியும் பாலும் ஆயத்தமாக வைக்க வேண்டும் என்றார் கீப்பர்.

மச்சாளுக்கு இந்த ஆயத்தம் போதவில்லை. "ஊர் முழுக்க வந்து வயித்தைப் பாத்திட்டுப் போகுது. ஒருத்தராவது நாவூறு கழிச்சவையோ?" என்றார். பிள்ளைப்பேறு நடக்கும் வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது எங்கள் வழக்கம். ஸ்காபரோவில் அந்தக் கிழமை பச்சை வேப்பிலை கிடைக்கவில்லை. அதனால் முழங்கால் நோவுக்குப் பூசும் வேப்பெண்ணெய்ப் போத்தலைக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு காலையில், கம்பிக் கதவின் நிலையில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்துவிட்டார்.

அன்றைக்குப் பாண்டா கதவடிக்கு வரவில்லை. தேனைக் காட்டியும் வரவில்லை. தூர மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மூங்கில் வைத்தபடியே இருந்தது. டொக்டர்கள் ஸ்கான் மெஷினோடு காத்திருந்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் அப்படியே. கீப்பரின் முகம் செத்துப்போயிருந்தது. ஏதும் நோய் வருத்தமா, வயிற்றில் உள்ளது கலைகிறதா என்று தெரியாமல் நின்றார். ஏதோ மணம் வருகிறது என்று வடிகானையும் முகர்ந்து பார்த்தார். கடைசியில் எங்களிடம் வந்து, புதிதாக ஏதும் மருந்து போட்டுக் கழுவினீர்களா என்று கேட்டார்.

மச்சாள் வாய் திறக்க முதல் நான் "நோ" என்றேன்.

பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கழுவுகிற மருந்தை நாங்கள் மாற்றவில்லைத்தானே. சாப்பாட்டு அறையில் மச்சாளிடம், "பேசாமல் இருங்கோ மச்சாள். வேலை போனால் ஆர் தருவினம்? இண்டைக்கு நானே துடைச்சு விடுறன்" என்றேன். மச்சாள் சோற்றுப் பெட்டியைத் திறந்தார், திரும்ப மூடினார்.

"ஒரு பிள்ளைத்தாச்சி ரெண்டு நாளாச் சாப்பிடாமல் கிடக்கிறா. நான் என்னெண்டு சோறு தின்னுறது?"

எழும்பிப் போய்விட்டார். போத்தலைக் கீப்பரின் கையில் கொடுத்து, கதவைக் காட்டி, தன் நெஞ்சில் தட்டி, "மீ, மீ" என்று சொன்னதைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று நான் பார்த்தேன். நான் போகவில்லை.

கதவைச் சுரண்டித் தேய்த்துக் கழுவினார்கள். அன்று பின்னேரமே பாண்டா எழும்பி வந்து மூங்கிலை முகர்ந்தது, எறிந்தது, அடுத்ததைத் தின்றது. மூன்றாம் நாள் ஸ்கானில் இரண்டு உயிர் தெரிந்தது. மச்சாளை வெளிக் கழிவறைப் பக்கம் மாற்றினார்கள். "அங்கை வாறவை மூக்கைப் பொத்திக்கொண்டெண்டாலும் வருவினம். இவளைப் போல கோவிக்க மாட்டினம்" என்று சிரித்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்துப் போனார்.

குட்டிகள் பிறந்தன. கீப்பர் படத்தில் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும், ரோசாப் பூ நிறம், கண் திறக்கவில்லை. ஒன்று தாயின் கையில் இருக்க மற்றது பெட்டியில். தாய்க்குத் தெரியாமல் மாற்றி மாற்றி வைத்து இரண்டையும் அவளைக் கொண்டே வளர்த்தார்கள். பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் மச்சாள் காத்திருப்பார். சுகம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"என்ன, பால் குடிச்சதோ?"

"எது மச்சாள்? பெட்டியிலை இருக்கிறதோ, தாயோடை இருக்கிறதோ?"

"ரெண்டும்தான். ஒண்டை மட்டும் கேட்டால் மற்றது கோவிக்காதே?"

பாண்டாக்கள் இந்த நகரத்தை விட்டுப் போன அன்று வேலையாட்களுக்குக் கேக் வெட்டினார்கள். கீப்பர் என் பக்கத்தில் வந்து, உங்கள் மச்சாள் நல்ல மனுசி என்றார். "அன்றைக்கு உங்களைக் காட்டி, இவருக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாது என்று மூன்று தரம் சொன்னார்" என்றார். நான் தலையை ஆட்டினேன். கேக்கையும் தின்றேன். பெருமைக்காரிக்கு வாய் திறப்பது கடினம்.

இப்போது அந்தக் குட்டிகள் சீனாவில் வளர்ந்த பாண்டாக்கள். காட்டில் வாழும் பாண்டாக்களும் முன்னைவிடக் கூடியிருக்கின்றன என்று மகள் போனில் வாசித்துக் காட்டினாள். இதைக் கேட்டுச் சந்தோசப்பட மச்சாள் இல்லை. போன மாசியில் போய்விட்டார். செத்தவீட்டில் எல்லோரும் எழும்பி அவரைப் பற்றிப் பேசினார்கள். என்னையும் கேட்டார்கள், நான் எழும்பவில்லை.

அந்தக் கீப்பர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிற இதை வாசிக்கிற யாராவது அவரைக் கண்டால் சொல்லுங்கள். அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரியும். மச்சாளின் விரல்கள் வாதத்தில் மடங்காதவை. அந்தப் போத்தலின் மூடியைத் திறந்து கொடுத்தது நான்தான்.