கணினி ஆய்வகத்தில் விளக்கணைத்த பகல்

வேலூரில் நான் ஆய்வு மாணவியாக இருக்கும் கல்லூரியில், செமஸ்டர் விடுமுறையில் மட்டும் மாணவர்களின் கணினி ஆய்வகத்தை எனக்குத் தருவார்கள். தோல் தொழிற்சாலைகளின் உப்பு நிலத்தடி நீரில் எவ்வளவு தூரம் பரவும் என்பது என் கணக்கு. பாலாற்றங்கரை நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டைக்கு ஒரு கணினி. ஒவ்வொன்றும் தன் பங்கை முடித்ததும் பக்கத்துக் கணினியின் விடையைக் கேட்கும். ஒன்று பதில் சொல்லாவிட்டால் எல்லாம் காத்துக் கிடக்கும்.

அன்று குழந்தைகள் காப்பகம் பூட்டியிருந்ததால் மூன்று வயது மகளையும் கூட்டி வந்திருந்தேன். அரியர் தேர்வு முடிந்த நேரம். வெளியே கூச்சல். கதவைத் தாழிடலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஒரு மாணவன் உள்ளே வந்து விழுந்தான். பேரணாம்பட்டு பஸ்ஸில் வருகிறவன். பின்னாலேயே ஜோலார்பேட்டை ரயிலில் வருகிற நான்கு பேர். பஸ்காரர்களுக்கும் ரயில்காரர்களுக்கும் அந்த வருடம் முழுக்கத் தகராறு.

"இன்னாடா, காலையில வாய் ஜாஸ்தியா இருந்துச்சு? இப்ப பேசுடா!"

ஒருவன் பெல்ட்டைக் கையில் சுற்றியிருந்தான். பக்கிள் விழுந்தவனின் நெற்றியில் இறங்கியதும் ரத்தம் கீபோர்டில் தெறித்தது. மகளை மேசைக்கடியில் தள்ளினேன்.

"தம்பி, வேணாம்பா, குழந்த இருக்கு!"

"நீங்க கம்முனு உக்காருங்க மேடம். உங்கள ஒண்ணும் பண்ண மாட்டோம்."

இன்னொருவன் மரியாதையாகச் சொல்லிவிட்டு, சுவரோரம் ஓடிய நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, விழுந்துகிடந்தவனின் கழுத்தில் சுற்றினான். முதுகில் முழங்காலை வைத்து இழுத்தான்.

கணக்கில் ஒரு பட்டை அறுந்துவிட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மறுபடி செருகினால் கணக்கு தொடரும் என்றும். அந்த முகம் கறுத்துக்கொண்டிருந்தபோதுதான் இதை நினைத்தேன்.

மற்றவர்கள் கதவை மறித்து நின்றார்கள். என் கைக்கெட்டியது மெயின் சுவிட்ச்தான். இறக்கினேன். ஜன்னலில்லாத அறை, ஆனாலும் இருளவில்லை. சுவிட்சுக்கு அடியிலேயே இருந்த யுபிஎஸ்ஸின் பேட்டரியில் கணினிகள் ஓடின. திரைகளின் வெளிச்சத்தில் கீழே கிடந்தவனின் கால்கள் தரையை உதைப்பது தெரிந்தது. யுபிஎஸ்ஸை அணைத்தால் இரண்டு வாரக் கணக்கு போய்விடும். இருட்டில் குழந்தையை மிதித்துவிட்டால்? அப்போதும் கேபிளை இழுப்பவன் விடாமல் இறுக்கினால்?

அணைத்தேன்.

"டேய், எவன்டா லைட்ட..." பெல்ட் வீசும் சத்தம். "ஐயோ, நான்டா! என்னை ஏன்டா அடிக்கிற, லூசு!" ஒரு திரை கவிழ்ந்து நொறுங்கியது. "பேஜாரா பூடும், வாங்கடா வெளிய!"

ஓடினார்கள். கதவு தானாக அறைந்து மூடிக்கொண்டது.

மேசைக்கடியில் மகள் அலறினாள். தரையிலிருந்து சத்தமே இல்லை. அழுகிறவள் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தரையைத் தடவித் தடவிப் போய் அவன் கழுத்தைக் கண்டுபிடித்தேன். கேபிள் தோலில் பதிந்திருந்தது. நகத்தைக் கொடுத்துப் பிய்த்தேன்.

இருமினான்.