செட்டில் ஒன்று குறைந்தால்

எங்கள் மளிகைக் கடை ஆலங்காயத்தில், மலைக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலேயிருந்து வருகிறவர்கள் விசேஷத்துக்கு வாங்கினால் பொருள் பொருளாகச் சொல்ல மாட்டார்கள். "காதுகுத்து வெச்சிருக்கறோம், சாமான் போடுங்க" என்பதோடு சரி. என்னென்ன வேண்டும் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் என் வீட்டுக்காரர் இதற்கு ஒரு வழி செய்தார். அரிசி, பருப்பு, வெல்லம், எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து 'விசேஷ செட்' என்று ஒரே பெயரில் ஏற்றிவிட்டார். ஒரு தட்டு தட்டினால் முழு பில்லும் வந்து விழும். ஒவ்வொரு பொருளின் இருப்பும் தானாகக் குறையும். மங்கலமாக இருக்கட்டும் என்று மஞ்சளையும் குங்குமத்தையும் பட்டியலின் தலையில் வைத்தார். கடை மூடும்போது கம்ப்யூட்டர் காட்டும் இருப்பும் அலமாரியில் உள்ளதும் ஒத்துப்போனால் மனுஷனுக்கு அப்படி ஒரு பூரிப்பு. எனக்குக் கட்டிய தாலியை அந்த மிஷினுக்குக் கட்டியிருக்கலாம் என்பேன். சிரித்துக்கொள்வார்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், மலையிலிருந்து எப்போதும் வருகிற பெண் ஒருத்தி வந்தாள். அவள் புருஷன் இறந்த சேதி எங்களுக்கு முன்பே வந்திருந்தது. காரியம் முடியும் வரை வெளியே வரக்கூடாது என்பார்கள். வீட்டில் வேறு ஆம்பளை இல்லாதபோது யார் வருவார்கள்? நெற்றியில் பொட்டு இன்னும் இருந்தது. காரியத்தன்று அதை அழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது சில வீடுகளில் விட்டுவிட்டார்கள். அவள் வீட்டில் எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"காரியத்துக்கு சாமான் போடுங்க" என்றாள்.

இவர் பழக்கதோஷத்தில் அதே செட்டைத் தட்டினார். பில்லைப் பார்த்து எடுத்துக் கட்டுவது என் வேலை. முதல் இரண்டு வரியில் மஞ்சளும் குங்குமமும் நின்றன. மஞ்சள் குழம்புக்கும் ஆகும் என்று பையில் போட்டேன். குங்குமத்தைப் போடாமல் நைசாக அரிசிக்குப் போய்விட்டேன். அவள் கவனிக்காமல் கிளம்பிவிட்டால் போதும் என்றிருந்தது.

எல்லாம் கட்டி முடித்தபோது இவர் பையை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா, குங்குமத்த வுட்டுட்ட?"

நான் முறைத்த முறைப்பில் அவருக்கு விஷயம் புரிந்தது. முகம் செத்துப்போய்விட்டது. அவசர அவசரமாக பில்லில் அந்த ஒரு வரியை நீக்கப் பார்த்தார். அது நீங்குவேனா என்றது. செட்டில் இருந்து ஒன்றை எடுத்தால் செட்டே போய்விடும். அப்படித்தான் இவரே அமைத்து வைத்திருந்தார். தலை தூக்காமல் மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தார். அந்த மிஷினைத் தூக்கித் தெருவில் போடலாமா என்று எனக்கு வந்தது.

"இன்னாத்துக்குக்கா எடுக்கறீங்க?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

"தப்பா வந்திருக்குதும்மா. அது வேணாம்."

"மத்தவங்களுக்குப் போடறது தான?"

"ஆமா."

"அப்ப எனக்கும் போடுங்க."

"உனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு தான்" என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. காலடியில் இருந்த பையை நகர்த்தி, அதன் வாயை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"இன்னிக்கு குங்குமத்த எடுக்கறீங்க. தையில என் பொண்ணு கல்யாணத்துக்கு இதே செட்டு வாங்க நான் தான் வருவேன். அன்னிக்கு இன்னாத்தக்கா எடுப்பீங்க? என்னையா?"

இவர் தட்டுவதை நிறுத்தினார். நான் அலமாரிக்குப் போய் குங்குமப் பொட்டலத்தை எடுத்து வந்து அவள் விரித்த பையில் போட்டேன். அவள் உள்ளே பார்த்துவிட்டுப் பையின் வாயைக் கட்டினாள்.