இடது பக்கத்துக் குழை

வெள்ளவத்தையில் ஒரு பெண் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஓடத் தொடங்கினால் தொடர்மாடி முழுவதற்கும் அது சொந்த விஷயமாகிவிடும். சீனி வருத்தம் வாசலில் நிற்கிறது என்று டொக்டர் சொன்னதால் மரீன் டிரைவில் விடியக்காலை நடக்கத் தொடங்கினேன். நடை ஓட்டமாகி, ஓட்டம் காலிமுகத்திடல் வரை நீண்டது. லிஃப்டில் ஏறுகிறவர்கள் என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் உங்களைப் பின்னால கலைச்சுக்கொண்டு வாறாங்கள்?" என்று கேட்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருடம் எழுபது கிலோமீட்டர் காட்டு ஓட்டம் ஒன்றுக்குப் போய், நாற்பத்தைந்தாவது கிலோமீட்டரில் நேரம் முடிந்து திருப்பி அனுப்பப்பட்டேன். அதற்குப் பிறகு லிஃப்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் பரிதாபத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆகவே இந்த வருடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று நாலாம் மாடி முதல் ஒன்பதாம் மாடி வரை நானே சொல்லித் திரிந்தேன்.

ஓட்டம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும். அடுத்த நாள் காலை பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து தூரத்தைப் பங்குபோட்டு ஓடலாம், ஒருவரே முழுவதையும் ஓடலாம். பங்குபோடும் பொறுமை எனக்கு எந்தக் காரியத்திலும் இருந்ததில்லை, தனியாகவே பதிந்தேன். வழி நெடுக மரங்களில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் ரிப்பன்கள் கட்டியிருப்பார்கள். நாற்பத்தைந்தாவது கிலோமீட்டரை விடியக்காலை நாலு மணிக்குள் தாண்டாதவர் வீட்டுக்குப் போகலாம்.

என் கணவர் வவுனியாக்காரர். காட்டு வழியில் வாகனம் நுழைவதற்கு முன்னால் இறங்கி, இலைக்கொப்பு ஒன்றை முறித்து ஏதாவது மரக்கிளையில் தொங்கவிட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பயணத்தைத் தொடர்வார். குழை போடுவது என்பார். அந்தக் காட்டைக் காக்கிற பிள்ளையாரோ ஐயனாரோ, யாராக இருந்தாலும் பாதுகாத்து அனுப்பட்டும் என்பது கணக்கு. சிங்கள ஆட்களும் இதைச் செய்வார்கள். எனக்குப் பெரிய நம்பிக்கை என்று சொல்ல முடியாது, ஆனால் இருபது வருடம் பக்கத்து ஆசனத்தில் இருந்து பார்த்தது கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. என்னை இறக்கிவிட்டபோது அவர் சொன்னார்:

"மறக்காமல் ஒரு குழை முறிச்சுப் போட்டிட்டுப் போம். மற்றதை அவர் பாத்துக்கொள்ளுவார்."

"அவர் எனக்குப் பதிலா ஓடுவாரோ?"

"நக்கலை விட்டிட்டு நான் சொன்னதைச் செய்யும்."

மறந்துவிட்டேன். காரணம் அந்தப் பிள்ளை.

தொடக்க இடத்தில் எல்லாரும் அட்டை கடிக்காமல் இருக்கக் காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் ஒன்றும் தெரியாமல் நின்றாள். முப்பது வயது இருக்கும். என் சவர்க்காரத்தைக் கொடுத்தேன். கொட்டாஞ்சேனையில் வீடு, நுகேகொடையில் துணிக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்று நின்று கால் பழகிவிட்டதால் ஓட்டம் சுலபம் என்று நினைத்தாளாம். காட்டை அதற்கு முன் கண்டதே இல்லை. வீட்டில் கதிர்காமம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உண்மைய சொன்னா விட மாட்டாங்க அக்கா. முடிச்சு மெடலோட போனா காட்டிட்டு சொல்லிடுவேன். முடிக்கலன்னா கதிர்காமம்தான்."

தம்பியிடம் இரவல் வாங்கிய, நெற்றியில் கட்டும் டோர்ச் ஒன்று அவளிடம் இருந்தது. அதன் வெளிச்சம் அவள் சப்பாத்துக்கு அப்பால் போக யோசித்தது. முதல் இருபது கிலோமீட்டரும் ஒன்றாகவே ஓடினோம். கடையில் வரும் ஆட்கள் முப்பது சேலையை விரிக்கவைத்துவிட்டு முதலாவதையே வாங்கிப் போகும் கதைகளை மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். இருபதாவது கிலோமீட்டருக்குப் பிறகு ஏற்றத்தில் பின்தங்கினாள். எனக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

"நீங்க போங்க அக்கா. எனக்கு வழிதான் பயம். இந்த லைட்ல ரிப்பன் தெரியாது."

"ரிப்பன் தெரியாத இடத்தில நான் இலைக்கொப்பு ஒண்டு தொங்கவிட்டிட்டுப் போறன். அதைப் பாத்து வாங்கோ."

சொன்னபடி செய்தேன். இருபத்திரண்டில் ரிப்பன் அறுந்து விழுந்திருந்த ஓரிடத்தில் ஒன்று. ஓடையைக் கடந்ததும் மறுகரையில் ஒன்று. அவளுக்கு அவ்வளவும் போதும் என்று நினைத்துக்கொண்டு என் ஓட்டத்தைப் பார்த்தேன். கால் நன்றாக இருந்தது. போன வருடத்தைவிட நாற்பது நிமிடம் முந்தியிருந்தேன்.

முப்பத்துநாலாவது கிலோமீட்டரில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் அகலமான பழைய வண்டிப் பாதை, வலது பக்கம் புதருக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதை. ரிப்பன் எங்கே என்று தேடிக்கொண்டு நின்றபோது கீழே பள்ளத்தில் ஏதோ பெரிய உடம்பு ஒன்று மூங்கிலை முறித்துக்கொண்டு போனது. மரையோ பன்றியோ தெரியாது. பயத்தில் முதுகை ஒரு மரத்தோடு ஒட்டிக்கொண்டு டோர்ச்சை நாலு பக்கமும் திருப்பினேன். அப்போதுதான் இடது பக்கத்து மரத்தின் தாழ்ந்த கிளையில் காய்ந்த குழைகள் நாலைந்து தொங்குவதைக் கண்டேன். ஊர்ச் சனம் போட்டது. கணவர் சொன்னது உடனே நினைவு வந்தது. பக்கத்துச் செடியில் தளிர்க்கொப்பு ஒன்றை முறித்து, அந்தக் கிளையில் தொங்கவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்து தேடியபோது வலது பக்கத்தில் பத்து யார் உள்ளே ரிப்பன் மினுங்கியது. அந்த வழியே ஏறி ஓடினேன். உண்மையிலேயே பயம் போயிருந்தது.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கும் கூடாரம். போகும்போது ஒன்றரை மணி. சிங்களப் பெடியன் ஒருவன் வோக்கி டோக்கியுடன் காவல் இருந்தான். காலுறையைக் கழற்றி அட்டைகளைப் பிடுங்கி, சோற்று உருண்டை இரண்டு தின்று, தேத்தண்ணீரைக் கையில் எடுத்தபோது தாடிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். இருபத்தெட்டாவது கிலோமீட்டரிலும் இப்படியொரு கூடாரம் இருந்தது. நான் அதை விட்டுப் புறப்பட்டபோது உள்ளே வந்துகொண்டிருந்தவர் இவர்.

"அந்த மெலிஞ்ச பிள்ளை எங்க?" என்று கேட்டேன்.

"அது இருபத்தெட்டுக்கு எனக்குப் பிறகு வந்து, எனக்கு முன்னாலயே வெளிக்கிட்டுதே. நான் வழியில ஒருத்தரையும் முந்தேல்ல."

ஒரு விநாடி எனக்கு விளங்கவில்லை. அடுத்த விநாடி அந்தக் கிளை கண்ணுக்குள் வந்தது. இடது பக்கம். புதிதாக முறித்த பச்சைக் குழை. அவளிடம் நான் சொல்லிவிட்டு வந்த அதே அடையாளம்.

பெடியனிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவன் வோக்கி டோக்கியில் கதைத்தான். கடைசியாகச் சனத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் அந்த இடத்தை அடைய இன்னும் இரண்டு மணித்தியாலம் ஆகும் என்று பதில் வந்தது. அவர்கள் பார்ப்பார்கள், நீங்கள் போங்கள் அக்கே, திரும்பிப் போனால் நாலு மணியைத் தவறவிட்டுவிடுவீர்கள் என்றான்.

பொய் சொல்லப் போவதில்லை. போகலாமோ என்று நான் யோசித்தேன். ஏழு கிலோமீட்டர், இரண்டரை மணித்தியாலம், நல்ல கால். லிஃப்ட் கூட நினைவுக்கு வந்தது. அவர்கள்தான் பார்ப்பார்களே என்று மனம் சமாதானம் சொன்னது. காலுறையைப் போட்டுச் சப்பாத்தைக் கட்டும் வரைக்கும் எந்தப் பக்கம் ஓடப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பிறகு பெடியனிடம் மேலதிக டோர்ச் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த வழியே இறங்கினேன்.

அந்த நாலு கிலோமீட்டரை நான் எப்படி ஓடினேன் என்பது சரியாக நினைவில்லை. வாய்விட்டுப் பேசிக்கொண்டு ஓடினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. என்னைத்தான் பேசினேன், அச்சில் போட முடியாத பேச்சு. சந்தியில் குழை அப்படியே தொங்கியது. அதற்குக் கீழே ஈர மண்ணில் இடது பக்கம் போகும் சப்பாத்துத் தடம் இருந்தது. அதே வண்டிப் பாதையில் கூப்பிட்டுக்கொண்டு போனேன். அரை மணித்தியாலம் போன பிறகு, பாதையை ஓடை அரித்து முடித்திருந்த இடத்தில், கல்லொன்றின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டோர்ச் செத்திருந்தது. எல்லாருக்கும் கொடுத்த விசில் அவள் கையில் இருந்தது.

"விசிலை ஊதியிருக்கலாமே, பிள்ளை."

"ஊதினா யானை வந்துடுமோன்னு பயம்."

அந்த மலையில் யானை இல்லை. சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன், குளிர்ந்து போயிருந்தது. மேலதிக டோர்ச்சைக் கட்டிவிட்டு, மிச்சமிருந்த சோற்று உருண்டையைக் கொடுத்தேன். தின்றுகொண்டே சொன்னாள்:

"கொஞ்ச தூரத்திலயே ரிப்பனே இல்லன்னு தெரிஞ்சது அக்கா. திரும்பிடலாமான்னு ரெண்டு மூணு தரம் நின்னேன். ஆனா நீங்க வச்ச கொப்பு இல்லையா, நீங்க பாக்காம வைக்க மாட்டீங்கன்னு வந்துட்டேன்."

பிறகு, "எனக்காகத் திரும்பி வந்திருக்கீங்க, உங்க நேரம் போச்சே" என்று அழத் தொடங்கினாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொண்டு, நன்றியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நடந்தேன். அரை மணித்தியாலம் அவள் என்னை ஒரு நல்ல மனுஷியாக நினைத்துக்கொண்டு வந்தாள், அந்த அரை மணித்தியாலமும் எனக்கு வெட்கமாக இருந்தது. சந்திக்கு வந்து குழையைக் கண்டதும் அதற்கு மேல் முடியவில்லை.

"பிள்ளை, இது உங்களுக்கு வச்சதில்ல. எனக்குப் பயத்தில சாமிக்குப் போட்டது. உங்களுக்குச் சொன்னதை அந்த நேரம் நான் மறந்தே போயிட்டன். சரியான வழி அந்தப் பக்கம்."

அவள் குழையையும் பார்த்தாள், வலது பக்கத்துப் பாதையையும் பார்த்தாள். பின்னால் வருகிறவர்கள் ஏமாறக்கூடாதே என்று குழையைக் கழற்றக் கையைத் தூக்கினேன். சாமிக்கென்று போட்டதை எடுக்கக் கை வரவில்லை. அதனால் இன்னொரு கொப்பை முறித்து வலது பக்கத்தில் தொங்கவிட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ரெண்டு பக்கமும் கொப்பு தொங்குது. வர்றவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். விழுந்து கிடந்த பட்ட கிளை ஒன்றை இழுத்து இடது பாதைக்குக் குறுக்கே போட்டேன். அவள் உதவிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு கூடாரம் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள், நான் கதை கொடுத்தபோதெல்லாம் வேகத்தைக் கூட்டினாள். கோபம் வந்தால் அவளுக்கு ஏற்றம் ஏறவும் முடிந்தது.

கூடாரத்தை அடைந்தபோது நாலேகால். பெடியன் எங்கள் இரண்டு பேரின் நெஞ்சிலும் குத்தியிருந்த ஓட்ட இலக்கங்களைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஜீப்பில் முடிவிடத்துக்கு அனுப்பிவைத்தான். விடியும் நேரம், முடித்தவர்கள் மெடலைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. என் மெடல் போனது எனக்கு அவ்வளவு தூரம் உறைக்கவில்லை. அவளுடைய கதிர்காமம்தான் நெஞ்சில் கிடந்து குத்தியது.

கொழும்புக்கு அவளுக்குப் பத்து மணிக்குத்தான் பஸ். எங்கள் வாகனத்தில் வரும்படி, அங்கே காத்திருந்த கணவர் கூப்பிட்டார், எனக்குக் கூப்பிடத் துணிவில்லை. அவள் பின் ஆசனத்தில் ஏறி, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் முடிக்கவில்லை என்று கணவருக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. கேட்கக்கூடாத நேரம் எது என்று அவருக்கு எப்போதும் தெரியும். ஆனால் காட்டின் கடைசி வளைவு வந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"குழை போட்டனீரே?"

ஓம் என்றாலும் இல்லை என்றாலும் பின்னால் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மறந்திருப்பீர். அதுதான் இப்பிடி நடந்தது."

பின் ஆசனம் அசைந்தது. முன்னாலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்திருந்தாள், என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாங்க அண்ணே. நல்ல பெரிய கொப்பு. நான் பாத்தேன்" என்றாள்.

"அப்ப சரி. அதுதான் ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேர்ந்திட்டீங்கள்" என்றார் அவர்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். சவர்க்காரத்தை நீட்டியதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு நல்லதும் செய்திருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் அவள் ஒழுங்கை முனையில் இறங்கும்போது கணவர் என் பையில் வைத்துவிட்டிருந்த விபூதிப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கதிர்காமம் போய் வந்தவள் வெறுங்கையோடு வீட்டுக்குள் போக முடியாதாம்.