பாதி பாக்கெட் குளுக்கோஸ்

ஆறாம் மாதத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். பெஹாலாவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் கிளினிக். ஒரு பாக்கெட் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். எனக்குத் துணையாக கார்டன் ரீச்சிலிருந்து வந்திருந்த அம்மா, அங்கே கூட்டமாக இருக்கும் என்று வீட்டிலேயே பாட்டிலில் கலந்து, எலுமிச்சம்பழமும் பிழிந்து கொண்டுவந்தாள். எனக்கு அப்படியொன்றும் திகட்டவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் கண்ணை மூடிக்கொண்டு தவணை தவணையாக விழுங்கினாள். இதற்கா இந்தப் பாடு என்று நினைத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

ரிப்போர்ட் நார்மல். அம்மா பெங்காலி இனிப்புக் கடையில் நாலு சந்தேஷ் வாங்கி வந்தாள். மூன்றை நான்தான் தின்றேன்.

அடுத்த வாரம் காபிப் பொடி டப்பாவை எடுத்தபோது, அதன் பின்னால் பாதி பாக்கெட் குளுக்கோஸ் இருந்தது. வாயை மடித்து, துணி கிளிப் போட்டு, பத்திரமாக. தப்பு செய்தாலும் எதையும் வீணாக்காதவள் என் அம்மா.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டதும், பாதியைத்தான் கலந்தேன் என்று அம்மா ஒத்துக்கொண்டாள். தங்கைக்கு ஜாதவ்பூரில் ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை என்பதையே அவர்களிடம் சொல்லவில்லை. மூத்தவளுக்கும் வந்துவிட்டது என்று தெரிந்தால் பரம்பரை வியாதி என்று பின்வாங்கிவிடுவார்களாம். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வீட்டில் தும்மினால் கோயிலில் விசாரிப்பார்கள், அது நிஜம்தான்.

"பேப்பர்ல நார்மல்னு வந்தா யாருக்குடி என்ன நஷ்டம்?" என்றாள்.

"என் வயித்துல இருக்கறதுக்கும்மா."

மறுநாள் தனியாகப் போனேன். நர்ஸ் தீதியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன். திட்டுவாள் என்று பயந்தேன். நீ முதல் ஆள் இல்லை என்று மட்டும் பெங்காலியில் சொல்லிவிட்டு, முழுப் பாக்கெட்டையும் தன் கையாலேயே கலந்து கொடுத்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை சர்க்கரை அதிகம்.

அன்றிலிருந்து அளந்த சோறு, சாப்பிட்டதும் நடை, விரலில் ஊசி. அம்மா பார்த்துப் பார்த்துத்தான் சமைத்தாள். ஆனால் யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வளைகாப்பு வரை நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அந்த வரனின் அம்மா பாயசக் கிண்ணத்தோடு எதிரே வந்து உட்கார்ந்து, ஒரே ஒரு வாய் என்று ஸ்பூனை நீட்டினார். இரண்டு முறை தலையை ஆட்டினேன். மூன்றாவது முறை, "எனக்கு சுகர் இருக்கு ஆன்ட்டி, குழந்தைக்கு ஆகாது" என்றேன்.

பத்து நாளில் ஜாதகம் சரியாக வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்பது பொருத்தம் இருந்த அதே ஜாதகம்! தங்கை போனில், போகட்டும் அக்கா என்றாள். அழுது முடித்த குரல். அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். நேரத்துக்குத் தட்டு வரும், பேச்சு வராது.

மகள் பிறந்தாள். பிறந்து ஒரு மணி நேரத்தில் நர்ஸ் வந்து அவள் குதிகாலில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தாள். அம்மா பதறிப்போய் எதற்கு என்று கேட்டாள். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம், முன்னாலேயே தெரிந்ததால் பார்க்கிறோம் என்றாள் நர்ஸ். குறைவாகத்தான் இருந்தது. உடனே பால் கொடுக்க வைத்தார்கள். அடுத்த முறை குத்திப் பார்த்தபோது சரியாகிவிட்டது.

அம்மா அந்தக் குதிகாலைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். "பாதியை எடுத்து ஒளிச்சு வெச்சேனேடி" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

நாலு மாதம் கழித்து தங்கைக்காக வேறோர் இடத்திலிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்றேங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. எங்க வீட்ல சுகர் இருக்கு. இவங்க அப்பாவுக்கு இருக்கு, மூத்தவளுக்கு கர்ப்பத்துல வந்துச்சு. இப்போ நட்சத்திரம் சொல்லட்டுமா?"